ஏலத் தோட்டமும் ஏலக் கூடமும்



தேர்வு நாள் காலையில் எந்தப் பொறியியல் கல்லூரி வாசலில் போய் நின்றாலும் ஒரு வாக்கியம் காதில் விழும்: "மச்சி, நான் ஒண்ணுமே படிக்கலடா." சொல்கிறவர் விடிய விடியப் படித்தவர். கேட்கிறவருக்கும் அது தெரியும். அவரும் அதையேதான் திருப்பிச் சொல்வார். மாணவிகள் பக்கம் போனால் 'மச்சி' மட்டும் மாறும், மற்றதெல்லாம் அதே. விளையாட்டுப் பேச்சு என்று விட்டுவிடலாம்தான். ஆனால் தனக்கு எவ்வளவு தெரியும் என்பதைப் பக்கத்தில் இருப்பவரிடம் மறைக்க வேண்டும் என்ற எண்ணம் பதினெட்டு வயதில் எங்கிருந்து வருகிறது? அதே மாணவர் அன்று மதியமே தன் ரெக்கார்டு நோட்டைப் பத்துப் பேருக்குத் தாராளமாகத் தூக்கிக் கொடுப்பார். படித்ததை மறைக்கிறவர் நோட்டை மறைப்பதில்லை. இந்த முரண்பாட்டைத்தான் இன்று பேச எடுத்துக்கொண்டேன்.

பொறியியல் மாணவரிடையே போட்டி மிகுந்துவிட்டது, கூடிச் செய்யும் பழக்கம் அருகிவிட்டது என்று மேடைதோறும் பேசுகிறோம். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. இரண்டும் வேண்டிய மட்டும் இருக்கின்றன. இடம் மாறிக் கிடக்கின்றன. கூடிக் கற்க வேண்டிய இடத்தில் போட்டி போடுகிறோம். தனித்து நின்று பதில் சொல்ல வேண்டிய இடத்தில் கூட்டுச் சேர்ந்துகொள்கிறோம்.

இதற்கு உதாரணம் தேடி வெளியூர் போக வேண்டியதில்லை. போடிநாயக்கனூர் பிழைக்கும் விதத்தைப் பார்த்தாலே போதும். விடியும் முன்பே போடி, தேவாரம், கம்பம் ஊர்களிலிருந்து ஜீப்புகள் மலையேறுகின்றன. போடிமெட்டுச் சாலையின் 17 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்தால் கேரள எல்லை. பிறகு பூப்பாறை, சாந்தன்பாறை, இரு பக்கமும் ஏலத் தோட்டங்கள். காய் எடுக்கும் பெண்கள் செடியின் தூரருகே குனிந்து, தரையோடு கிடக்கும் சரங்களில் முற்றிய காயை மட்டும் பார்த்துப் பார்த்து எடுக்க வேண்டும். இளசு கலந்துவிட்டால் உலர்ந்தபின் சுருங்கிப்போகும், விலை போகாது. எடுத்த பச்சைக்காய் ஸ்டோருக்குப் போகிறது. 45 முதல் 55 டிகிரி வெப்பத்தில் ஏறத்தாழ ஒரு நாள் உலர்கிறது. ஐந்து கிலோ பச்சைக்காய்க்கு ஒரு கிலோ உலர்ந்த காய் தேறினால் சரி. அதன் பிறகே ஏலக் கூடம்.

ஸ்பைசஸ் போர்டின் மின்னணு ஏலம் 2007-இல் வந்தது. போடியிலும் மேலே புற்றடியிலும் நடக்கிறது. சாம்பிள் காயைக் கையில் உருட்டி, பச்சை நிறம் பார்த்து, லிட்டர் எடை பார்த்து, வியாபாரி கணினியில் விலை ஏற்றுகிறார். இன்னொருவர் அதற்கு மேல் ஏற்றுகிறார். 2018-இன் பெருமழையும் அதற்கடுத்த கோடையின் வறட்சியும் விளைச்சலைத் தின்ற பிறகு, 2019 ஆகஸ்டில் புற்றடியில் அதிகபட்ச விலை கிலோவுக்கு 7,000 ரூபாயைத் தொட்டது. அந்தக் கூடத்தில் போட்டி இருந்தே தீர வேண்டும். வாங்குகிறவர்கள் டீக்கடையில் பேசி முடித்துக்கொண்டு உள்ளே வந்தால் அதை ஒத்துழைப்பு என்று யாரும் பாராட்ட மாட்டார்கள். விளைவித்தவர் வயிற்றில் அடிக்கிறார்கள் என்றுதான் சொல்வார்கள்.

தோட்டத்தில் நடந்த கதை வேறு. இடுக்கி மாவட்டத்தில் செபாஸ்டியன் ஜோசப் என்ற விவசாயி, தன் தோட்டத்தில் நன்றாகக் காய்த்த செடிகளை ஊன்றிக் கவனித்துத் தேர்ந்தெடுத்த ரகம் 'ஞள்ளானி'. எந்த ஆராய்ச்சி நிலையமும் வெளியிட்ட ரகம் இல்லை அது. தூரைப் பிரித்துப் பக்கக்கன்றை நட்டார்கள். அது அண்டைத் தோட்டத்துக்குப் போனது, அங்கிருந்து அடுத்த மலைக்குப் போனது. இன்று ஏலமலையில் பெரும்பகுதி அந்த ரகம்தான். பழைய ரகங்களைப் பார்க்க விளைச்சல் பல மடங்கு. கன்று வாங்கிப்போன பக்கத்துத் தோட்டக்காரர் பின்னாளில் அதே ஏலத்துக்குத் தன் காயையும் கொண்டுவரப்போகிறார் என்பது கொடுத்தவருக்குத் தெரியாதா? தெரியும். ஆனால் ஒரே தோட்டம் மட்டும் கொழித்து மலை முழுக்க வாடினால் எந்த வியாபாரி மலையடிவாரத்தில் கடை போடுவார்? குவாத்தமாலா நம்மைவிட அதிகம் விளைவிக்கும் உலகத்தில், தனித் தோட்டத்துக்கு என்ன பேரம் பேசும் பலம் இருக்கும்? கன்று கைமாறிய இடம் ஒன்று, விலைக்கு மோதிய இடம் இன்னொன்று. ஏலமலைக்காரர்களுக்கு இதில் குழப்பம் இருந்ததில்லை.

நம் பிள்ளைகள் கல்லூரிக்கு வரும் வழியை இதோடு வைத்துப் பாருங்கள். பன்னிரண்டாம் வகுப்புக் கணிதம் நூற்றுக்கு, இயற்பியலும் வேதியியலும் ஐம்பது ஐம்பதாகச் சுருக்கி, 200-க்குக் கட்ஆஃப். நானூறுக்கும் மேற்பட்ட கல்லூரிகளுக்கு ஒரே தரவரிசை. இருவர் மதிப்பெண் சமமாக வந்தால் முதலில் கணிதம் பார்ப்பார்கள், பிறகு இயற்பியல், அப்படியே போய்ப் பிறந்த தேதி. அதுவும் ஒன்றானால் கணினி போட்ட ரேண்டம் எண். அரை மதிப்பெண்ணில் ஒரு பெரும் கூட்டமே முந்திக்கொண்டு போய்விடும்.

இந்த வரிசையை நான் பழிக்க மாட்டேன். இது இல்லாத காலத்தில் சிபாரிசுக் கடிதமும் பணமும் எப்படி வேலை செய்தன என்பது இங்கிருக்கும் பெரியவர்களுக்குத் தெரியும். மலைக்குக் கூலி வேலைக்குப் போகும் தாயின் மகளும் மதுரை மருத்துவரின் மகனும் ஒரே பட்டியலில் நிற்கிறார்கள் என்றால் அது சாதாரணக் காரியமில்லை. 2021-இல் அரசுப் பள்ளி மாணவர்களுக்கு 7.5 சதவீத இடம் ஒதுக்கிய சட்டம் அந்த வாசலை இன்னும் அகலமாக்கியது. 2012-இல் இந்த ஊருக்கு அரசுப் பொறியியல் கல்லூரி வந்ததும் அப்படித்தான். அதுவரை அரசுக் கல்லூரியில் பொறியியல் படிக்க மாவட்டம் தாண்டிப் போக வேண்டியிருந்தது. இடம் பிடிக்கும் வரை ஏலக் கூடத்து விதிதான் நியாயம்.

சிக்கல் இடம் கிடைத்த பிறகு தொடங்குகிறது. ஏலம் முடிந்து தோட்டத்துக்குள் வந்த பிறகும் பிள்ளைகள் கூடத்தில் இருப்பதாகவே நினைத்துக்கொள்கிறார்கள். அப்படி நினைக்க நாம்தான் பழக்கியிருக்கிறோம். இன்டர்னல் மதிப்பெண்ணைத் தரவரிசைப்படி அறிவிப்புப் பலகையில் ஒட்டுகிறோம். அண்ணா பல்கலைக்கழகத்தின் 2021 ஒழுங்குமுறை, இணைப்புக் கல்லூரிகளிலும் மாணவர் எண்ணிக்கை முப்பதைத் தாண்டும் பாடங்களுக்கு ஒப்பீட்டு முறையில் கிரேடு போடச் சொல்கிறது. நான் வாங்கிய 78-க்கு என்ன கிரேடு என்பதை என் தாள் மட்டும் முடிவு செய்யாது, மற்றவர்கள் எழுதியதும் சேர்ந்து முடிவு செய்யும். இதற்கு ஒரு நியாயம் உண்டு: வினாத்தாள் அநியாயத்துக்குக் கடினமாக வந்தால் எல்லோரும் ஒரேயடியாகக் கவிழாமல் இது தாங்கிப் பிடிக்கும். ஆனால் ஒப்பிடும் கூட்டம் சிறுக்கச் சிறுக்க, நண்பருக்கு ஒரு கணக்கைச் சொல்லிக் கொடுப்பது என் கிரேடை நானே இறக்கிக்கொள்வதாக ஆகிவிடும். 'ஒண்ணுமே படிக்கல' என்ற பொய்க்குக் கணிதப்படியே ஒரு காரணம் கிடைத்துவிடுகிறது. அதைச் சொல்லும் பிள்ளையை நான் கோபித்துக்கொள்வதில்லை.

இப்போது ரெக்கார்டு நோட்டுக்கு வருகிறேன். செய்முறைத் தேர்வுக்குப் புறத்தேர்வராகப் பல கல்லூரிகளுக்குப் போயிருக்கிறேன், ஊர்ப்பெயர்கள் வேண்டாம். மேசையில் நோட்டுகள் அடுக்கியிருக்கும். ஒருவர் தசமப் புள்ளியைத் தவறவிட்ட இடத்தில்தான் அத்தனை பேரும் தவறவிட்டிருப்பார்கள். கம்பிச்சுருள் சோதனையின் வரைபடத்தில் புள்ளிகள் கோட்டைவிட்டு இம்மியும் விலகாது. இயற்கையில் அப்படிப்பட்ட கம்பிச்சுருள் எதுவும் கிடையாது. வாசிப்பை முதலில் எடுத்தவர் யார் என்று கேட்டால் யாருக்கும் தெரியாது. முந்தின ஆண்டுச் சீனியர் நோட்டிலிருந்து வந்தது என்பார்கள். அவருக்கும் அதற்கு முந்தினவரிடமிருந்து. மாணவர் மாறினாலும் வாசிப்பு மாறுவதில்லை.

இறுதியாண்டு புராஜெக்ட் இதற்கு அண்ணன். நகரங்களில் 'புராஜெக்ட் சென்டர்' என்று பலகை மாட்டிய கடைகள் இருக்கின்றன. தலைப்பு, சர்க்யூட், கோடிங், அச்சிட்ட அறிக்கை, வைவாவில் கேட்கக்கூடிய கேள்விகளுக்கு விடை என எல்லாம் சேர்த்து ஒரு விலை. நான்கு பேர் காசு போட்டு வாங்குவார்கள். அட்டையில் நான்கு பெயர், உள்ளே ஒருவர் உழைப்பும் கிடையாது. இதற்கும் 'டீம் ஒர்க்' என்று பெயர் சொல்லும்போதுதான் எனக்குத் தாங்காது. ஏலக் கூடத்தில் வியாபாரிகள் பேசிவைத்துக்கொள்வதற்கு இணையான காரியம் இது. இங்கே ஏமாறுகிறவர், நாளைக்கு இவர்கள் கட்டும் பாலத்தின் மீது போகிறவர்.

(ஒரு சிறு இடைச்செருகல். வேலைவாய்ப்பு முகாமில் குரூப் டிஸ்கஷன் என்று ஒன்று நடத்துகிறார்களே, அதைப் பார்த்திருக்கிறீர்களா? பத்துப் பேரை வட்டமாக உட்காரவைத்து, கூடிப் பேசுங்கள் என்கிறார்கள். ஒருவர் தேறினால் இன்னொருவர் போவார் என்பது பத்துப் பேருக்கும் தெரியும். யார் முதலில் வாயைத் திறப்பது என்று தள்ளுமுள்ளு. கூட்டுக்கு வேஷம் கட்டிய போட்டி.)

கூடிப் படித்தால் என்ன ஆகும் என்பதற்கு ஒரு நல்ல ஆய்வு உண்டு. அமெரிக்காவின் பெர்க்லியில், 1970-களில், யூரி ட்ரீஸ்மன் என்ற கணித ஆசிரியர் ஒரு கேள்வியோடு கிளம்பினார். நுண்கணிதப் பாடத்தில் கறுப்பின மாணவர்கள் பெருமளவில் தோற்கிறார்கள், சீன வம்சாவளி மாணவர்கள் தேறுகிறார்கள். ஏன்? சக ஆசிரியர்களைக் கேட்டார். ஊக்கம் போதாது என்றார்கள், பள்ளியில் அடிப்படை சரியில்லை என்றார்கள், குடும்பத்தில் ஆதரவு இல்லை, வறுமை என்றார்கள். நம் ஸ்டாஃப் ரூமில் கேட்டாலும் இதே பட்டியல்தான் வரும், வரிசை கூட மாறாது. ட்ரீஸ்மன் ஒவ்வொரு தரப்பிலும் இருபது பேரை எடுத்துக்கொண்டு அவர்கள் எப்படிப் படிக்கிறார்கள் என்று கூடவே இருந்து பார்த்தார். அந்தக் காரணங்கள் ஒன்றும் நிற்கவில்லை. கறுப்பின மாணவர்கள் சோம்பேறிகள் இல்லை. ஆசிரியர் சொன்ன நேரத்துக்கு, சொன்னபடி, அறைக்குள் தனியாக உட்கார்ந்து படித்தார்கள். சீன மாணவர்களும் முதலில் தனியாகத்தான் படித்தார்கள். ஆனால் மாலையில் ஓரிடத்தில் கூடினார்கள். ஒருவர் விடையை இன்னொருவர் சரிபார்த்தார். ஒரு கணக்கு யாருக்குமே வரவில்லை என்றால், தப்பு தன் மூளையில் இல்லை, கணக்கே கடினம் என்று அவர்களுக்குத் தெரிந்தது.

தனியாகப் படித்தவருக்கு அந்தத் தகவல் கிடைக்க வழியே இல்லை. வராத ஒவ்வொரு கணக்கும் தான் இந்த இடத்துக்கு லாயக்கில்லாதவர் என்பதற்கு ஒரு சாட்சியாகச் சேர்ந்துகொண்டே போனது. நம் முதலாண்டு வகுப்பில் தமிழ்வழியில் படித்து வந்த பிள்ளை, சந்தேகத்தை ஆங்கிலத்தில் கேட்கத் தயங்கி, பின் வரிசையில் மௌனமாக இருக்கிறதே, அந்தப் பிள்ளையை நினைத்துக்கொண்டு இதைக் கேளுங்கள். 2010-இல் அண்ணா பல்கலைக்கழகம் சிவில், மெக்கானிக்கல் படிப்புகளைத் தமிழ்வழியிலும் தொடங்கியது நல்ல காரியம். ஆனால் கேள்வி கேட்க ஒரு துணை இல்லாவிட்டால் எந்த மொழியிலும் தனிமை தனிமைதான்.

ட்ரீஸ்மன் அடுத்துச் செய்ததை நம்மவர்கள் பெரும்பாலும் கவனிப்பதில்லை. அவர் பின்தங்கியோர் சிறப்பு வகுப்பு நடத்தவில்லை. பாடப்புத்தகத்தில் இருப்பதைவிடக் கடினமான கணக்குகளைக் கொடுத்து, சிறு குழுக்களாக உட்காரவைத்தார். சேர்வதே ஒரு பெருமை என்று அழைத்தார். தேர்ச்சி விகிதம் தலைகீழாக மாறியது. நம் கல்லூரிகளில் 'ஸ்லோ லேர்னர்' பட்டியல் என்று ஒன்று தயாரித்து, மாலை நான்கு மணிக்கு மேல் அதே பாடத்தை அதே வேகத்தில் மறுபடியும் நடத்துகிறோம். பட்டியலில் பெயர் வந்த பிள்ளை அன்றைக்கே பாதி தோற்றுவிடுகிறது.

நம்மிடம் கூடிப் படிக்கும் மரபு இல்லையா என்றால், இருக்கிறது. அது இரவு பத்து மணிக்கு மேல் ஆண்கள் விடுதியில் இருக்கிறது. தேர்வுக்கு முந்தின இரவு, பாடம் தெரிந்த ஒருவர் கட்டிலில் உட்கார, கீழே பாய் விரித்துப் பத்துப் பேர். யூனிட் யூனிட்டாக, இரண்டு மதிப்பெண் எங்கே வரும், பெரிய வினா எங்கே வரும் என்று ஓட்டுவார். எத்தனை அரியர் இப்படிப்பட்ட அறைகளில் தீர்ந்திருக்கிறது! சொல்லிக்கொடுத்தவருக்கும் அந்தப் பாடம் ஆயுளுக்கும் மறக்காது. தமிழ்நாட்டுப் பொறியியல் கல்வியில் சிறந்த வகுப்பறை அதுதான் என்று நான் துணிந்து சொல்வேன். பேராசிரியர்கள் மன்னிக்க வேண்டும்.

ஆனால் அந்தப் பாயில் யாருக்கு இடம்? மாணவிகள் விடுதிக் கதவு அதற்கு முன்பே அடைபட்டுவிடும். குரங்கணியிலிருந்தோ கொட்டகுடியிலிருந்தோ பஸ்ஸில் வந்து போகிறவர் மாலைப் பேருந்தைப் பிடித்தாக வேண்டும். நட்பு வட்டம் என்பது தென்மாவட்டங்களில் எப்படி அமைகிறது என்பதை நான் விரித்துச் சொல்ல வேண்டுமா? நாங்குநேரியில் 2023-இல் பள்ளி மாணவர்களிடையே நடந்த சாதிக் கொடுமைக்குப் பிறகு அமைந்த நீதிபதி சந்துரு குழு, மாணவர் கையில் கட்டும் வண்ணக் கயிற்றைக் கூட விட்டுவைக்காமல் எழுத வேண்டியிருந்தது. அது பள்ளிகளைப் பற்றிய அறிக்கை என்றாலும், அந்தப் பள்ளிகளிலிருந்துதானே கல்லூரிக்கு வருகிறார்கள். கூடிக் கற்பதை நட்பின் பொறுப்பில் விட்டால் அது சாதி, பால், விடுதி, மொழி போட்டுவைத்த தடத்திலேயே ஓடும். குழுவை ஆசிரியர்தான் அமைக்க வேண்டும் என்று நான் பிடிவாதமாகச் சொல்வதற்குக் காரணம் இதுதான். "எங்க டீமை நாங்களே எடுத்துக்கிறோம் சார்" என்று மாணவர்கள் கேட்பார்கள். கொடுக்கக் கூடாது.

போட்டியே வேண்டாம் என்று நான் சொல்வதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். குழு உள்ளே ஒன்றாக இருந்து, வெளியே இன்னொரு குழுவோடு ஓடும்போது நடக்கும் அதிசயங்கள் பல. கோலார் தங்கச் சுரங்கத்தில், தரைக்குக் கீழே இரண்டு கிலோமீட்டருக்கும் மேலான ஆழத்தில், மும்பை டாடா ஆராய்ச்சி நிறுவனமும் ஜப்பானின் ஒசாகாவும் இங்கிலாந்தின் டரமும் சேர்ந்து வளிமண்டல நியூட்ரினோவைத் தேடின. அதே நேரத்தில் தென்னாப்பிரிக்கத் தங்கச் சுரங்கத்தில் ஃபிரெடரிக் ரைன்ஸின் குழு தேடியது. 1965 ஆகஸ்டில் இரண்டு கட்டுரைகளும் பதினைந்து நாள் இடைவெளியில் வந்தன. கோலார் கட்டுரை முந்தியது. உலகத்தில் முதல்முதலாகப் பதிவான வளிமண்டல நியூட்ரினோ நிகழ்வுகள் அவை. போட்டி இல்லாவிட்டால் அந்த வேகம் இருந்திருக்காது. மூன்று நாட்டுக் கூட்டு இல்லாவிட்டால் கருவியே இருந்திருக்காது.

கோலாரின் தொடர்ச்சியாக வரவேண்டியதுதான் போடி மேற்கு மலையில், பொட்டிப்புரத்தில் திட்டமிட்ட நியூட்ரினோ ஆய்வகம். இருபதுக்கும் மேற்பட்ட நிறுவனங்களின் கூட்டு. 50,000 டன் இரும்புக் கருவி. 2015 ஜனவரியில் மத்திய அமைச்சரவை ஒப்புதல். ஏறக்குறைய 1,500 கோடி ரூபாய். மலையடிவாரத்து மக்கள் எதிர்த்தார்கள். பசுமைத் தீர்ப்பாயம், உச்ச நீதிமன்றம் என்று வழக்கு போனது. 2022-இல் தமிழ்நாடு அரசும் உச்ச நீதிமன்றத்தில் எதிர்ப்பைப் பதிவு செய்தது. யார் பக்கம் அறிவியல், யார் பக்கம் அச்சம் என்ற வாதத்துக்குள் இன்று போகவில்லை. பொறியாளராகப் போகிறவர்கள் ஒன்றை மட்டும் கவனியுங்கள். கூட்டாளிகளின் நீண்ட பட்டியலில் அந்த மலையில் ஆடு மேய்க்கிறவருக்கு இடமில்லை. எதிர்ப்பின் பாதி அங்கேயே முளைத்தது என்பது என் எண்ணம்.

மாணவர்கள் கூடி நின்று சாதித்தவற்றை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். 2009 ஏப்ரல் 20-இல் அண்ணா பல்கலைக்கழகத்தின் 40 கிலோ 'அனுசாட்' விண்ணுக்குப் போனது. மறு ஆண்டு ஜூலை 12-இல் பெங்களூரு, ஐதராபாத்தைச் சேர்ந்த ஏழு பொறியியல் கல்லூரிகளின் மாணவர்கள் சேர்ந்து செய்த, ஒரு கிலோவுக்கும் குறைந்த 'ஸ்டட்சாட்' போனது. மாணவர் சேர்க்கையில் ஒன்றோடொன்று முட்டிக்கொள்ளும் கல்லூரிகள் அவை. மாணவர்களே கட்டிய வாகனங்கள் ஓடும் பாஜா போட்டிகளுக்குப் போனவர்கள் இன்னொன்றைச் சொல்வார்கள்: மறுநாள் களத்தில் எதிராக ஓடப்போகிற அணியிடமே வெல்டிங் மெஷினைக் கடன் கேட்பதும், அவர்கள் கொடுப்பதும் அங்கே வழக்கம்.

அப்துல் கலாமின் கதை ஒன்று உங்கள் எல்லோருக்கும் தெரியும். குரோம்பேட்டை எம்.ஐ.டி.யில் வடிவமைப்புப் பணி பின்தங்கியபோது, பேராசிரியர் சீனிவாசன் மூன்று நாள் கெடு வைத்தார். முடிக்காவிட்டால் உதவித்தொகை நிற்கும் என்றார். கலாம் இரவு பகலாக வரைந்து முடித்தார். பள்ளி விழாக்களில் இதைத் தனிமனித உழைப்பின் கதையாகவே சொல்கிறோம். கலாமே எழுதியதை எடுத்துப் பாருங்கள். தாழப் பறக்கும் தாக்குதல் விமானம் ஒன்றை வடிவமைக்கும் பணி, வேறு நான்கு பேரோடு சேர்த்து அவருக்குத் தரப்பட்டது. காற்றியக்க வடிவமைப்பும் வரைபடமும் அவர் பங்கு. உந்துவிசை, கட்டமைப்பு, கட்டுப்பாடு, கருவிகள் மற்றவர்கள் பங்கு. அவர் வரைபடம் முடியாமல் அந்த நால்வருக்கு வேலை நகராது. அந்த மூன்று இரவுகளும் நான்கு பேருக்காகவும் சேர்த்து விழித்திருந்த இரவுகள். நால்வர் பெயர் எந்தப் பேச்சுப் போட்டியிலும் வருவதில்லை.

இந்த ஊருக்கு ஏற்ற ஒரு வேலையைச் சொல்லி முடித்துக்கொள்கிறேன். ஏலக்காய் ஸ்டோர். விறகு எரித்துக் காற்றைச் சூடாக்கி உலர்த்தும் இடங்கள் இன்னும் பல. வெப்பம் கூடினால் பச்சை நிறம் போகும், காய் வெடிக்கும்; குறைந்தால் ஈரம் நின்று கெட்டுப்போகும். நிறம் ஒரு பிடி குறைந்தாலும் ஏலக் கூடத்தில் விலை இறங்கும். இந்த ஸ்டோரின் எரிபொருளைக் குறைக்க வேண்டும், நிறம் கெடக் கூடாது. வெப்பப் பரிமாற்றம் மெக்கானிக்கல் மாணவருக்குத் தெரியும். மலையில் மின்சாரம் போனால் விசிறி நிற்குமே, அதற்கு எலெக்ட்ரிக்கல் வேண்டும். வெப்பத்தையும் ஈரப்பதத்தையும் அளக்க எலெக்ட்ரானிக்ஸ். அளந்ததைப் பதிந்து படிக்கக் கணினித் துறை. எந்த ஒரு துறையும் தனியாக இதை முடிக்க முடியாது. எந்தப் புராஜெக்ட் சென்டரிலும் இது விலைக்குக் கிடைக்காது. நம்மூர் ஸ்டோரின் இந்த மாத வாசிப்பு அவர்களிடம் இல்லை. துறைக்கு ஒருவர் வீதம், நட்பு பார்க்காமல், ஆசிரியர் குழு அமைக்கட்டும். பல குழுக்கள் ஒரே ஸ்டோரில் இறங்கட்டும். அளந்த வாசிப்புகளை எல்லாக் குழுக்களும் பொதுவில் வைக்க வேண்டும். வடிவமைப்பில் மட்டும் ஒன்றோடொன்று மோதட்டும்.

உடனே ஒரு கேள்வி வரும்: ஒருவர் உழைப்பார், மற்றவர் சும்மா இருந்து மதிப்பெண் வாங்குவார், அதற்கென்ன? நியாயமான கேள்வி. படிப்பில் கெட்டிக்காரப் பிள்ளைகள் குழுவேலையை வெறுப்பதற்கே இதுதான் காரணம். ராபர்ட் ஸ்லேவின் என்ற கல்வியாளர் நெடுங்காலம் ஆராய்ந்து சொன்னது: குழுவுக்குப் பொது இலக்கும் வேண்டும், ஒவ்வொருவருக்கும் தனிப்பொறுப்பும் வேண்டும், ஒன்று இல்லாவிட்டாலும் பலன் இல்லை. என் யோசனை இன்னும் கொஞ்சம் கடுமையானது. வைவாவில் ஒவ்வொருவரிடமும் அவர் செய்யாத பகுதியைக் கேளுங்கள். கோடிங் எழுதியவரிடம் அடுப்பின் புகைப்போக்கியைப் பற்றி, அடுப்பைச் செய்தவரிடம் சென்சாரைப் பற்றி. மொத்த மதிப்பெண்ணில் பாதி குழுவுக்குப் பொதுவாக, நால்வரில் குறைவாகச் சொன்னவரின் பதிலைப் பொறுத்து அமையட்டும். அப்போது நன்றாகத் தெரிந்தவருக்கு, தெரியாதவரை உட்காரவைத்துச் சொல்லிக்கொடுப்பதைத் தவிர வேறு வழி இருக்காது. மீதிப் பாதி ஒவ்வொருவரும் தனியாக எழுதும் குறிப்பேட்டுக்கு. தன் கையால் எடுத்த வாசிப்பு, அழித்து எழுதாமல், கோட்டைவிட்டு விலகும் புள்ளிகளோடு இருக்க வேண்டும். பார்த்து எழுதியிருந்தால் பூஜ்யம்.

மதிப்பிடும் குழுவில் இரண்டு நாற்காலி வெளியாட்களுக்கு வேண்டும். ஒன்று, இரவெல்லாம் ஸ்டோரில் விறகு தள்ளுகிறவருக்கு. மற்றொன்று, கிட்டங்கியில் 8 மில்லிமீட்டர் காயைச் சலித்து நிறம் பார்த்துத் தரம் பிரிக்கும் பெண்களில் ஒருவருக்கு. அவர்கள் மதிப்பெண் போட வேண்டாம் என்று யாராவது சொன்னால், குறைந்தபட்சம் கேள்வி கேட்கட்டும். அந்தக் கேள்விகளுக்குத் தமிழில் பதில் சொல்ல வேண்டியிருக்கும். பின் வரிசைப் பிள்ளை அன்றைக்கு முன் வரிசைக்கு வரும்.

இதற்கெல்லாம் புது ஒழுங்குமுறை வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. இன்டர்னல் மதிப்பெண் நம் துறைகளின் கையில்தான் இருக்கிறது. அடுத்த காய் எடுப்பு தொடங்கும்போது ஸ்டோர்கள் எரியும். அதற்குள் குழுப் பட்டியலைத் தயார் செய்துவிடலாம்.